இன்டெக்ஸ் இருந்தும் ஏன் முழு டேபிளையும் படிக்கிறது?

ரொம்ப நாளாக எனக்கு இன்டெக்ஸ் (டேபிளில் வேண்டியதைச் சட்டென்று கண்டுபிடிக்க உதவும் பட்டியல்) என்றால், மதிப்புகளை வரிசைப்படி மரம் போல அடுக்கும் பி-ட்ரீ மட்டும்தான். வகை எதுவும் சொல்லாமல் இன்டெக்ஸ் போட்டால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தருவதும் அதைத்தான். பெயரின் முதல் சில எழுத்துகளை வைத்து லைக் (எழுத்து அமைப்பை ஒப்பிடும் ஆபரேட்டர்) போட்டுத் தேடும் ஒரு குவெரி, இன்டெக்ஸ் இருந்தும் டேபிள் முழுவதையும் படிப்பதாக, குவெரி எப்படி ஓடும் என்று சொல்லும் எக்ஸ்பிளெய்ன் கட்டளை காட்டியபோதுதான் இதைத் தோண்ட ஆரம்பித்தேன்.

காரணம் ஆபரேட்டர் கிளாஸ். ஓர் இன்டெக்ஸ் மதிப்புகளை எந்த விதிப்படி அடுக்க வேண்டும், எந்தெந்த ஒப்பீடுகளுக்கு உதவ வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில்தான் இருக்கிறது. சாதாரண டெக்ஸ்ட் இன்டெக்ஸ், கொலேஷன் (மொழிக்கேற்ற எழுத்து வரிசை விதி) சொல்கிற வரிசையில் அடுக்கும், லைக் தேடலோ எழுத்து எழுத்தாகப் பார்க்கும். கொலேஷன் 'சி' (மொழி விதி பார்க்காமல் பைட் மதிப்புப்படி மட்டும் அடுக்குவது) இல்லையென்றால் இரண்டு வரிசையும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது, அதனால் குவெரியை ஓட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பிளானர் அந்த இன்டெக்ஸை ஒதுக்கிவிடுகிறது. அதே ஃபீல்டுக்கு டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் என்ற ஆபரேட்டர் கிளாஸ் சேர்த்து இன்னொரு இன்டெக்ஸ் போட்டதும் சரியாகிவிட்டது. பழையதை அவசரப்பட்டுத் தூக்கிவிடாதீர்கள், வரிசைப்படுத்தும் ஆர்டர் பைக்கும் சிறியது பெரியது ஒப்பீட்டுக்கும் அதுதான் வேண்டும்.

சரி, தேடும் சொல் பெயரின் நடுவில் வந்தால்? அங்கே பி-ட்ரீ கைகொடுக்காது. பிஜி_டிஆர்ஜிஎம் எக்ஸ்டென்ஷனை (கூடுதல் வசதித் தொகுப்பு) சேர்த்து, ஜின் என்ற இன்னொரு வகை இன்டெக்ஸில் அதன் ஆபரேட்டர் கிளாஸைக் கொடுக்க வேண்டும். அது சொல்லை மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எந்த வரிகளில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. நடுவில் வரும் இரண்டே எழுத்தை வைத்துத் தேடினால் எடுக்கத் துண்டே இருக்காது, பலனும் இருக்காது. எழுதும்போது ஜின் கொஞ்சம் மெதுவாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜேசன் தரவை வைக்கும் ஜேசன்பி ஃபீல்டுக்கு ஜின் போடும்போதும் இதே கதைதான், ஆபரேட்டர் கிளாஸைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜேசன்பி_பாத்_ஆப்ஸ் போட்டால் இன்டெக்ஸ் பெரும்பாலும் சிறியதாக இருக்கும், ஆனால் 'இந்தக் கீ இருக்கிறதா' என்ற கேள்விக்கு அது உதவாது.

அப்புறம் பிரின் என்ற வகை இன்டெக்ஸ், போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பில் வந்தது. இயல்பாக டேபிளின் ஒவ்வொரு 128 பக்கங்களுக்கும் (வட்டில் சேமிக்கும் துண்டுகள்), அதாவது 1 எம்பிக்கு, மிகச் சிறிய மதிப்பு ஒன்று, மிகப் பெரிய மதிப்பு ஒன்று, அவ்வளவுதான் சேமிக்கும். நேர வரிசையில் சேர்ந்துகொண்டே போகும் லாக் டேபிளுக்கு இவ்வளவு சின்ன இன்டெக்ஸ் போதும் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். வரிசை கலைந்த டேபிளில் இது வீண், அதனால் புள்ளிவிவரங்கள் காட்டும் பிஜி_ஸ்டேட்ஸில் கோரிலேஷன் (மதிப்புகளின் வரிசையும் டேபிளில் அவை இருக்கும் வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) 1-க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.