பார் ஒடைக்காம ஒரு பவளத் தொட்டி

ஜனவரி 7, 2024, ஞாயிறு

வீட்ல கடல் தண்ணித் தொட்டி வச்சு பவளம் வளக்கணும்னு பல வருஷமா மனசுல கெடந்த ஆசை. இன்னிக்கி கண்ணாடிக் கடையில அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துட்டேன். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 எம்எம் கண்ணாடி. கணக்குப் போட்டா 191 லிட்டர் பிடிக்கும். தண்ணி மட்டுமே 190 கிலோ, அதோட கல்லு, மணல், ஸ்டாண்ட், கீழ சம்ப் (தண்ணி வடிகட்டுற ரெண்டாவது தொட்டி) எல்லாம் சேந்தா 350 கிலோவத் தாண்டும். நாங்க இருக்கிறது நங்கநல்லூர்ல மூணாவது மாடி. ஹால் நடுவுல வைப்பா, நாலு பக்கமும் சுத்தி வந்து பாக்கலாம்னு பாப்பா சொன்னா, ஆனா தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தர வரவச்சுக் கேட்டதுல பீம் ஓடுற சுவத்தோரமா தான் வைக்கணும்னுட்டார். அங்க சாக்பீஸ்ல கோடு போட்டாச்சு.

ஒண்ணு மட்டும் முதல்லயே முடிவு பண்ணிட்டேன். கடல்ல பார்லேருந்து, அதாவது பவளப் பாறையிலேருந்து, ஒடச்சு எடுத்த கல்லோ பவளமோ ஒரு துண்டு கூட இதுக்குள்ள வராது. கல் பவளம் மொத்தமும், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமே 2001லேருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, புலி இருக்கிற அதே அட்டவணை. அப்படி இருந்தும் "லைவ் ராக்" (கடல்லேருந்து உயிரோட எடுத்த பார் கல்லு) வேணுமான்னு ஒருத்தர் எனக்கு போட்டோ அனுப்பினார். பாத்ததும் வயிறு எரிஞ்சது. வேணாம்னுட்டேன்.

ஜனவரி 14, போகி

மொட்டமாடியில கல்லு செஞ்சேன். ஒரு பங்கு வெள்ளை சிமெண்ட், ரெண்டு பங்கு கிளிஞ்சல் தூள், ரெண்டு பங்கு கல்லுப்பு, தண்ணி கம்மியா விட்டு புட்டுப் பதத்துக்கு பெசையணும். ஈர மணல்ல குழி பறிச்சு அதுல அள்ளிப் போட்டு, நடுநடுவுல கைய விட்டு குகை மாதிரி ஓட்ட போட்டேன். காய்ஞ்சப்புறம் தண்ணியில ஊறவச்சா உப்பு கரைஞ்சு போயி அந்த எடமெல்லாம் பொடிப்பொடி துவாரமா நிக்கும், அந்தத் துவாரத்துல தான் பின்னாடி பாக்டீரியா குடியிருக்கும். மொத்தம் 14 கல்லு.

சாயங்காலம் தூத்துக்குடிக்கு போன் போட்டு பெரியப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னார், "நாங்க வள்ளத்துல போயி கடப்பாரைய வச்சு நெம்பி எடுத்ததப் போயி நீ சிமெண்ட்ல செய்யிறியாலே." அவர் வாலிப வயசுல பார்லேருந்து கல்லு ஒடச்சு கரையில சுண்ணாம்புக் காளவாய்க்கு கொடுத்தவர். அந்தக் காலத்துல ஊரே செஞ்ச தொழில் அது, யாருக்கும் தப்புன்னு தெரியாது. மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு எல்லாரும் சொல்றோம், அதுல விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்ப தண்ணிக்கு அடியில. அலையத் தடுத்து நின்ன பார எடுத்துட்டா தீவு எப்படி நிக்கும்? "விலாங்குசல்லியில நாங்க எறங்கி சோறு பொங்கித் தின்னுருக்கோம்"னார் பெரியப்பா. அதுக்கப்புறம் போன வச்சிட்டார்.

பிப்ரவரி 25

கல்லு இன்னும் ட்ரம்ல தான் ஊறுது. சிமெண்ட்ல இருக்கிற சுண்ணாம்பு எறங்கிக்கிட்டே இருக்கிறதால முதல் வாரம் பிஎச் 12. மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துறேன், இப்ப 9.1. கடல் தண்ணி 8.1லேருந்து 8.4க்குள்ள இருக்கணும். அவசரப்பட்டு இப்பவே போட்டா மீன் பொழைக்காது.

மார்ச் 17

இன்னிக்கி தண்ணி விட்டாச்சு!! எங்க போர் தண்ணியில டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 1200க்கு மேல, அத நேரா ஊத்தவே முடியாது, அதனால ஆர்ஓவும் அதுக்குப் பின்னாடி மிச்சத்தையும் பிடிக்கிற டிஐ ரெசினும் வச்சு டிடிஎஸ் 0 வர்ற வரைக்கும் வடிகட்டினேன், ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் கழிவா போகுது, அத ட்ரம்ல பிடிச்சு மாடிப்படி கழுவ, பாத்ரூமுக்குன்னு எங்க வீட்ல அவங்க ஒரு சொட்டு விடாம பயன்படுத்திட்டாங்க. லிட்டருக்கு 37 கிராம் கணக்குல ரீஃப் சால்ட் (பவளத் தொட்டிக்குன்னே விக்கிற உப்பு) 7 கிலோவுக்கு மேல கரைச்சேன். உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல 1.025, கடல் தண்ணி அளவு. விரல நனைச்சு நாக்குல வச்சுப் பாத்தேன், முத்துநகர் பீச் ஞாபகம் வந்திருச்சு.

மார்ச் 24

நேத்து ராத்திரி கரண்ட் போச்சு. காலையில எழுந்தா ஹால் முழுக்க உப்புத் தண்ணி. பம்ப் நின்னதும், சம்ப்லேருந்து தண்ணிய மேல ஏத்துற ரிட்டர்ன் குழாய் வழியா மேல இருந்த தண்ணி சைஃபன் ஆகி, தானா இழுத்துக்கிட்டு கீழ எறங்கி சம்ப் நிரம்பி வழிஞ்சிருக்கு. குழாய்ல தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ ஒரு சின்ன ஓட்ட போட்டிருந்தா காத்து உள்ள போயி சைஃபன் ஒடஞ்சிருக்கும். இன்னிக்கி ஓட்டயும் போட்டு, மெயின ஆஃப் பண்ணி மூணு தடவ சோதிச்சேன். புதுசா தொட்டி வைக்கிறவங்க தயவுசெஞ்சு மீன் விடுறதுக்கு முன்னாடியே இத சோதிச்சிருங்க. தண்ணிய அசைக்கிற வேவ் மேக்கர இன்வெர்ட்டர்ல மாட்டிட்டேன், கரண்ட் இல்லாத நேரத்துல தண்ணி அசையலன்னா ஆக்சிஜன் கொறைஞ்சிரும்.

ஏப்ரல் 16

ஒரு மாசமா வெறும் கல்லயும் தண்ணியயும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். வர்றவங்க எல்லாம் மீன் எங்கங்குறாங்க. மீன் கழிவுல வர்ற அமோனியா மீனுக்கே விஷம், அத மாத்துற பாக்டீரியா முதல்ல பெருகணும், அதனால அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு போட்டு, கூட பாட்டில் பாக்டீரியாவும் விட்டேன். ஒரு வகை பாக்டீரியா அமோனியாவ நைட்ரைட் ஆக்கும், இன்னொண்ணு அத நைட்ரேட் ஆக்கும். ரெண்டாவது கூட்டம் மெதுவா தான் பெருகும், அதனால நைட்ரைட் ஏறிப் போயி அங்கயே நின்னுச்சு. நேத்து தான் எறங்க ஆரம்பிச்சிருக்கு. டெஸ்ட் குழாய்ல கலர் மாறினத பாப்பா தான் முதல்ல பாத்துச் சொன்னா.

காலையில நியூஸ் பாத்தேன். உலகம் முழுக்க பவளம் வெளுக்குதாம், இது நாலாவது தடவன்னு அமெரிக்காவோட நோவா அமைப்பு நேத்து அறிவிச்சிருக்கு. தண்ணி சூடு வழக்கத்த விட ஒரு டிகிரி ஏறி சில வாரம் அப்படியே நின்னாலே, பவளம் தனக்குள்ள வச்சிருக்கிற பாசிய வெளிய தள்ளிருது. அந்தப் பாசி தான் அதுக்கு சோறும் நிறமும். வெளுத்த உடனே செத்துராது, சூடு எறங்கலன்னா பட்டினியில செத்துரும்.

மே 5

அக்னி நட்சத்திரம் நேத்து ஆரம்பம். மத்தியானம் தொட்டி 31.4 டிகிரி. ஃபேன் வச்சா ரெண்டு டிகிரி கொறையுது, ஆனா ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியாப் போகுது. போறது தண்ணி மட்டும் தான், உப்பு உள்ளயே நிக்கும், அதனால நல்ல தண்ணி தான் ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். கடைசியில தண்ணிய குளிர வைக்கிற சில்லர் மெஷின் வாங்கிட்டேன். பட்ஜெட்ல பெரிய அடி, வேற வழி இல்ல. லட்சத்தீவுல பவளம் ரொம்ப மோசமா வெளுத்திருக்குன்னு சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்) சொல்லியிருக்காங்க. நான் என் தொட்டிக்கு ஒரு மெஷின் வாங்கிட்டேன், அதுங்களுக்கு யாரு வாங்கிக் கொடுக்கிறது? ராத்திரி தூக்கமே வரல.

ஜூன் 16

கல்லெல்லாம் டயட்டம்ங்கிற பழுப்புப் பாசி படிஞ்சு, அது போயி, பச்சப் பாசி வந்து, நத்தைங்க மேய்ஞ்சு முடிச்சாச்சு. நைட்ரேட் 10 பிபிஎம். இன்னிக்கி கலர் மீன் கடைங்க இருக்கிற கொளத்தூர் போயி ரெண்டு க்ளவுன் மீன் வாங்கினேன். கடல்ல பிடிச்சதா பொரிப்பகத்துல வளந்ததான்னு மூணு கடையில கேட்டேன், பதில் சரியா சொன்ன நாலாவது கடையில தான் வாங்கினேன். ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல சிஎம்எஃப்ஆர்ஐ எப்பவோ க்ளவுன் மீன் குஞ்சு பொரிக்கிற முறைய கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்காங்க, அப்புறம் எதுக்கு கடல்ல வலை போடணும்? இந்த மீனு எல்லாமே பொறக்கும்போது ஆண், ஜோடியில பெருசா வளர்றது பெண்ணா மாறிரும். பாப்பா எது அம்மாவாகும்னு தெனம் ஸ்கேல் வச்சு கண்ணாடியில அளக்குறா.

ஜூலை 21

நண்பர் ஒருத்தர் தொட்டியில பல்கிப் பெருகின மஷ்ரூம் பவளத்துல ரெண்டு வெட்டிக் கொடுத்தார். கல் எலும்புக்கூடு இல்லாத வகை, செவப்பும் நீலப் புள்ளியும். ஸோவாந்திட்னு பவளம் மாதிரி இன்னொரு வகை கூட தர்றேன்னார், வேணாம்னேன், சில வகையில பாலிடாக்சின்னு கடும் விஷம் உண்டு, வீட்ல குழந்தை இருக்கு. மஷ்ரூம் நேரா கல்லுல ஒட்டாது, ஒரு கிண்ணத்துல கிளிஞ்சல் தூளோட போட்டு மேல வலை கட்டி விட்டா பத்து நாள்ல தானா ஒரு துண்ட பிடிச்சுக்கும்.

ஆகஸ்ட் 18

பெரியப்பா வந்திருக்கார். மஷ்ரூம் இப்ப மூணு. நேரா தொட்டிகிட்ட போயி நாற்காலி போட்டு ஒக்காந்தவர் ரொம்ப நேரம் பேசல. "கடலுக்குள்ள இப்படித்தான்லே இருக்கும். மேல தூக்கிப் போட்டதும் வழவழன்னு சளி மாதிரி வடியும், வெயில்ல காஞ்சா வெள்ள கல்லு. கலர் இருந்ததே மறந்து போச்சு எனக்கு." தூத்துக்குடியில சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்துல 2002லேருந்து காங்கிரீட் ஃப்ரேம்ல பவளத் துண்ட கட்டி திரும்ப வளக்குறாங்கன்னு சொன்னேன். தெரியும்னார், கடலுக்குப் போற பயலுவ சொன்னானுங்களாம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு தொட்டி லைட் அணைஞ்சது. காலையில எப்ப எரியும்னு கேட்டார். பத்து மணிக்குன்னேன். ஒன்பதே முக்காலுக்கே காப்பி டம்ளரோட வந்து ஒக்காந்திட்டார்.