வைகையைத் தப்புன்னு சொன்ன ரிலீஸ்

2023 டிசம்பர் மழையில எங்க சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்டோட ரிலீஸ் ஒண்ணு, அதாவது வெளிய விட்ட புதுப் பதிப்பு, நாலு நாள் உடைஞ்சே கிடந்துச்சு. அதுல இருந்து எப்படி வெளிய வந்தோம்னு ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், புதுசா ரிலீஸ் பொறுப்பு எடுக்கிறவங்களுக்கு இது கண்டிப்பா உதவும்.

நாங்க மூணு பேரு. நான் வேளச்சேரி, இன்னொருத்தர் மதுரை, மூணாவது தாம்பரத்துல காலேஜ் படிக்கிற பொண்ணு. தமிழ் எழுத்துப்பிழை பாக்கிற ஒரு சின்ன பைத்தான் லைப்ரரிய (மத்த ப்ரோக்ராம்கள் எடுத்துச் சேத்துக்கிற கோடு) வேலை நேரம் போக பாத்துக்கிறோம். அதோட உயிரே சொற்பட்டியல் தான், கிட்டத்தட்ட 80,000 வார்த்தை, ஒரே டெக்ஸ்ட் ஃபைல், வரிக்கு ஒண்ணு, அகர வரிசையில இருக்கும். வரிசையில இருந்தே ஆகணும், ஏன்னா ப்ரோக்ராம் பைனரி சர்ச்ல தான் தேடுது, பாதியில பாத்து முன்னாடியா பின்னாடியான்னு தாவித் தாவிப் போகும்.

மெர்ஜ்னா ஆளாளுக்கு செஞ்ச மாத்தத்த ஒண்ணாச் சேக்கிறது, அந்த ஒத்த ஃபைல் தான் எங்க மெர்ஜ் தலைவலி எல்லாத்துக்கும் மூலம். யார் வார்த்தை அனுப்பினாலும் ஃபைலோட கடைசியில போய் ஒட்டிடுவாங்க, ரெண்டு பேர் ஒரே வாரத்துல அனுப்பினா கான்ஃப்ளிக்ட் வந்துரும் (ஒரே இடத்துல ரெண்டு மாத்தம், யார் என்ன மாத்தினாங்கன்னு பாத்துக்கிற கிட்ங்கிற ப்ரோக்ராமுக்கு எத வெச்சுக்கிறதுன்னு தெரியாது), நான் உக்காந்து ரெண்டு பக்கத்தையும் கையால சேத்து, கடைசியா அகர வரிசையில அடுக்குற சார்ட் ஸ்கிரிப்ட ஒரு தடவை ஓட்டி விடுவேன். அந்தத் தடவை ரெண்டு பெரிய பிராஞ்ச் (இன்னும் சேக்காம தனியா வெச்சிருக்கிற மாத்தங்கள்) காத்துக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு தாம்பரத்துப் பொண்ணோடது. இன்னொண்ணு கும்பகோணம் பக்கம் ரிட்டயர் ஆன ஒரு தமிழாசிரியர் ஐயா நோட்டுல எழுதிச் சேத்து வெச்சிருந்த விவசாயச் சொற்கள், நுகத்தடி, வரப்பு, களத்துமேடு, சாலுன்னு. அவருக்கு கிட் எல்லாம் தெரியாது, எக்செல்ல அடிச்சு அனுப்புவார், மதுரைத் தம்பி அத பிராஞ்சா மாத்திப் போடுவார். ரெண்டும் சேத்தா 400 வார்த்தைக்கு மேல.

எங்களுக்குன்னு ஒரு முறை வெச்சிருந்தோம். லினக்ஸ் கெர்னல்ல 2 வாரம் மெர்ஜ் விண்டோ (புது மாத்தங்களச் சேக்கிற காலம்), அதுக்கப்புறம் வாரம் ஒரு ஆர்சி (ரிலீஸுக்கு முன்னாடி விடுற சோதனைப் பதிப்பு), ஏழோ எட்டோ ஆர்சி தாண்டித் தான் ரிலீஸ்னு போவாங்க இல்லையா, அத சின்னதாக்கி, மெர்ஜ் எல்லாம் நிறுத்திட்டு ஒரே ஒரு ஆர்சி போட்டு ஒரு வாரம் பொறுத்துப் பாப்போம். அந்தத் தடவை நான் பொறுக்கல. புயல் வருது வருதுன்னு நியூஸ்ல சொல்லிக்கிட்டே இருக்காங்க, வேளச்சேரில மழைன்னா கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, அதுக்குள்ள முடிச்சிடலாம்னு டிசம்பர் 2, சனிக்கிழமை ராத்திரி உக்காந்தேன். கான்ஃப்ளிக்ட்ட கையால பாக்க நேரம் இல்லன்னு கிட் அட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல அந்தப் பட்டியலுக்கு யூனியன் மெர்ஜ்னு ஒரு வரி போட்டேன். ரெண்டு பக்கத்து வரிகளையும் அப்படியே வெச்சுக்கும், கான்ஃப்ளிக்ட்டே வராது. வரல. டெஸ்ட் 50 வார்த்தையும் பாஸ். டேக் (கிட்ல பதிப்புக்கு வெக்கிற அடையாளம்) போட்டு 2.3.0ன்னு பைபிஐல (பைத்தான் லைப்ரரிகள எல்லாரும் இறக்கிக்கிற தளம்) ஏத்திட்டுப் படுத்துட்டேன்.

கான்ஃப்ளிக்ட் வரலங்கிறதால சார்ட் ஸ்கிரிப்ட ஓட்டணும்ங்கிற ஞாபகமே வரல. யூனியன் போட்டா வரிகள் தாறுமாறான வரிசையில விழலாம், சரிபாத்துக்கோங்கன்னு கிட்டோட டாக்குமென்டேஷன்லயே எழுதியிருக்கு, நான் அந்தப் பாராவ அப்புறம் தான் படிச்சேன்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி, மழை பேய் மாதிரி கொட்டிக்கிட்டு இருக்கு, மதுரைத் தம்பி போன். "அண்ணே, வைகையத் தப்புங்குதுண்ணே." எனக்கு முதல்ல புரியல. "வைகை, வைக்கோல், வைரம், எல்லாத்துக்கும் செவப்புக் கோடு. ஐயா அனுப்புன வார்த்தைல ஒண்ணு கூட தெரியலங்குது."

ஏன் வைகை? யோசிச்சுப் பாத்தா அழகா விளங்கும். பட்டியல்ல கடைசியா வர்றது வ வரிசை, அதுலயும் வை கிட்டத்தட்ட கடைசி. அதுக்குக் கீழ வரிசை இல்லாம 400 வார்த்தை ஒட்டிக்கிட்டு இருக்கு. வைகையத் தேடி 40,000, 60,000, 70,000ன்னு தாவிப் போய் எட்டாவது தாவல்ல அந்த ஒட்டுக்குள்ள விழுது, அங்க நிக்கிறது களத்துமேடு. க-வுக்கு அப்புறம் தானே வ, அப்ப இன்னும் கீழ போகணும்னு முடிவு பண்ணி வைகையத் தாண்டிப் போயிடுது. எங்க டெஸ்ட்ல இருந்த 50 வார்த்தையும் அ-ல இருந்து ம-க்குள்ள. அந்தப் பக்கம் யாருமே எட்டிப் பாக்கல.

காரணம் பிடிபடுறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. திங்கக்கிழமை காலைல தெருவுல இடுப்பளவு தண்ணி, லேப்டாப் பேட்டரி காலி, மொபைல் சிக்னல் கூட இல்ல. தம்பி என்ன ஆச்சுன்னு தெரியாமயே ரெண்டு மெர்ஜையும் ரிவர்ட் பண்ணி (செஞ்ச மாத்தத்தத் திருப்பி எடுத்து) மெயின் பிராஞ்ச சரி பண்ணி வெச்சுட்டார், நல்ல முடிவு. ஆனா பைபிஐல ஏத்துற உரிமை என் ஒருத்தன் பேர்ல மட்டும் தான் இருந்துச்சு, அதுக்கு சாவி மாதிரியான டோக்கன் என் லேப்டாப்ல. சரியான கோடு கையில இருக்கு, அத வெளிய அனுப்ப அவரால முடியல, உடைஞ்ச 2.3.0வ யாங்க் பண்ணவும் (புதுசா இன்ஸ்டால் பண்றவங்களுக்குப் போகாம நிறுத்தவும்) முடியல. இன்ஸ்டால் பண்றவங்களுக்கெல்லாம் அதே தான் போய்க்கிட்டு இருந்துச்சு. இத நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

வியாழக்கிழமை கரண்ட் வந்துச்சு. பைபிஐல ஒரு தடவை ஏத்தின ஃபைல அதே பேர்ல திரும்ப ஏத்த முடியாது, டெலீட் பண்ணாலும் முடியாது, அதனால 2.3.0வ யாங்க் பண்ணிட்டு, ரிவர்ட் பண்ண கோட 2.3.1ன்னு ஏத்தினேன். பத்து நிமிஷ வேலை.

அப்புறம் ஐயாவோட வார்த்தைகளத் திரும்பச் சேக்கலாம்னு அதே பிராஞ்ச மெர்ஜ் பண்ணா, ஏற்கெனவே எல்லாம் சேந்தாச்சுன்னு கிட் சொல்லுது, ஃபைல்ல ஒரு வார்த்தை இல்ல. ஒரு மணி நேரம் முழிச்சேன். மெர்ஜ ரிவர்ட் பண்ணா மாத்தின வரிகள் தான் போகும், அந்த பிராஞ்ச் சேந்துச்சுங்கிற வரலாறு அப்படியே நிக்கும், அதனால கிட் திரும்ப எடுத்துக்காது. அந்த ரிவர்ட்டப் பதிஞ்ச கமிட்டயே இன்னொரு தடவை ரிவர்ட் பண்ணணும். அப்படித்தான் வார்த்தைகள் திரும்பி வந்துச்சு. இந்த இடத்துல மாட்டிக்கிட்டு, பிராஞ்ச் தொலைஞ்சு போச்சுன்னு பயந்து எல்லாத்தையும் திரும்ப டைப் அடிக்கிறவங்கள நான் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அடிக்காதீங்க.

ஐயாவுக்கு போன் பண்ணி, உங்க வார்த்தை அடுத்த ரிலீஸ்ல தான் வரும், தப்பு என்னோடதுன்னு சொன்னேன். "அது கெடக்கட்டும்ப்பா, தண்ணி வடிஞ்சுதா, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க"ன்னு கேட்டார்.

அதுக்கப்புறம் செஞ்சது: யூனியன் வரிய எடுத்தாச்சு. பட்டியல முதல் எழுத்து வாரியா தனித்தனி ஃபைலாப் பிரிச்சோம், கான்ஃப்ளிக்ட் பாதிக்கு மேல அதுலயே குறைஞ்சு போச்சு. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (மாத்தத்தச் சேத்துக்கோங்கன்னு அனுப்புற கோரிக்கை) சிஐ, அதாவது சோதனைகளத் தானா ஓட்டுற ஏற்பாடு, வரிசை சரியான்னு பாக்குது, கூடவே யூனிகோட் என்எஃப்சியான்னும் (எழுத்தெல்லாம் சேந்த ஒரே வடிவத்துல இருக்கான்னு) பாக்குது, ஏன்னா 'கொ'ங்கிறத கொம்பும் காலும் தனித்தனியா அடிச்சும் கொண்டு வரலாம், ஒரே குறியாவும் அடிக்கலாம், கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. டெஸ்ட்ல எல்லா எழுத்துலயும் வார்த்தை இருக்கு, வைகை முதல்ல.

பைபிஐல மூணு பேரும் ஓனர். என் லேப்டாப்ல இருந்த டோக்கன அழிச்சுட்டேன். பைபிஐ 2023 ஏப்ரல்லயே ட்ரஸ்டெட் பப்ளிஷிங் கொண்டு வந்திருந்தாங்க, டேக் போட்டா சிஐயே ஏத்திடும், யார் கையிலயும் சாவி இருக்க வேண்டியதில்ல. புயலுக்கு முன்னாடி அரை நாள் ஒதுக்கி அத நான் செஞ்சிருக்கணும்.

ஐயாவோட சொற்கள் 2.3.2ல வெளிய வந்துச்சு. ஒரு வாரம் முழுசா ஆர்சில வெச்சிருந்துட்டு, டேக் போட்டது மதுரைத் தம்பி. நான் அப்ப வீட்டுச் சுவத்துல ஏறின ஈரத்தத் தொடச்சுக்கிட்டு இருந்தேன்.