குற்றப்பத்திரிகையில் இல்லாத குற்றம்

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994-இல் நடந்த இனப்படுகொலைக்காக, அங்குள்ள தபா வட்டாரத்தின் தலைவர் அகயேசு மீது பதிவான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவே இல்லை. 1997-இல் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் மகளை மூவர் சீரழித்ததைச் சொன்னாள். மகளுக்கு ஆறு வயது. ஆறு!

வழக்கை விசாரித்த ஐ.நா.வின் ருவாண்டா தீர்ப்பாய அமர்விலிருந்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. டர்பனில் ஒரு தமிழ் பஸ் ஓட்டுநரின் மகள். மேலும் பெண்கள் சாட்சி சொன்னார்கள். குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று, வன்புணர்வும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று ஒரு பன்னாட்டு நீதிமன்றம் முதன்முறையாகத் தீர்ப்பளித்தது. அதுவரை அதைப் போரின் 'சேதாரம்' என்றே ஒதுக்கியிருந்தார்கள். எவ்வளவு கொடூரமான சொல்!

அந்தத் தாயிடம் யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.