190 விசாவுக்கு பொலிஸ் ரிப்போர்ட் சேர்த்த கதை

அவுஸ்திரேலியாவின் 190 விசாவுக்கு (ஒரு மாநிலம் பரிந்துரைக்கிற, தொழில் தகுதிக்கான நிரந்தர விசா) விண்ணப்பிக்கச் சொல்லி இன்விடேஷன் வந்ததும் ஊரே கேட்டது பொயின்ட்ஸ் எத்தனை, இங்கிலீஷ் சோதனையில் எவ்வளவு என்றுதான். என்னைப் படுத்தியெடுத்தது கெரக்டர் பகுதி, அதாவது குற்றப் பதிவு ஏதும் இல்லை என்று பொலிஸ் ரிப்போர்ட்டோடு காட்டுகிற பகுதி. இன்விடேஷன் வந்து 60 நாளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும், பொலிஸ் ரிப்போர்ட்டோ அவ்வளவு சுலபமாகக் கைக்கு வருவதில்லை.

சட்டம் என்று பார்த்தால் அவர்களுடைய குடிவரவுச் சட்டத்தின் 501ஆம் பிரிவு. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர் அதில் நேரே மாட்டுவார். நம்மில் பெரும்பாலானோருக்கு அதனால் ஒரு பயமும் இல்லை. ஆனால் 16 வயதுக்குப் பிறகு, கடைசிப் பத்து வருடத்தில், மொத்தமாக 12 மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். நான் கியூ.எஸ். (கட்டட அளவு, செலவு கணக்கிடுகிற) வேலைக்கு டோஹாவில் இருந்துவிட்டு வந்தவன். ஆக, இலங்கை ஒன்று, கட்டார் ஒன்று. மனைவிக்கு இலங்கை மட்டும்.

இலங்கை ரிப்போர்ட்டை பொலிஸ் இணையத்தளத்திலேயே போடலாம். கோட்டையில் இருக்கிற தலைமையகத்திலிருந்து நாங்கள் குடியிருந்த இடங்களின் பொலிஸ் நிலையங்களுக்கு விசாரிக்க அனுப்புவார்கள். இங்கேதான் கொழும்பில் வாடகைக்கு இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்குச் சிக்கல். வெள்ளவத்தை வீட்டுக்காரர் எங்களை வாக்காளர் இடாப்பில் பதிய விடவே இல்லை, பதிந்தால் பிறகு வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டோமாம். முகவரியைக் காட்ட வதிவிடச் சான்றிதழ் கேட்டுப் போனால், கிராம சேவகர் இடாப்பைப் புரட்டிவிட்டு “தம்பி, உங்கட பெயர் வவுனியாவிலதானே கிடக்கு” என்றார். வாடகை ஒப்பந்தத்தையும் என் பெயரில் வருகிற பேங்க் கடிதங்களையும் காட்டி, பக்கத்து வீட்டு அன்ரியும் வந்து சொன்ன பிறகுதான் வதிவிடச் சான்றிதழில் கையெழுத்து வைத்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகிவிடுவார்.

கட்டார் ரிப்போர்ட் வேறு கதை. அங்கே இருக்கும்போதே எடுத்தால் சின்ன வேலை. திரும்பி வந்த பிறகு என்றால் இங்கே பொலிஸில் கைரேகை எடுத்து, பத்தரமுல்லையில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும் கட்டார் தூதரகத்திலும் உறுதிப்படுத்தி, டோஹாவில் யாராவது ஒரு நண்பரைப் பிடித்து அவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை எடுத்த சார்ஜன்ட் ஒவ்வொரு விரலையும் நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மையில் உருட்டினார். நான் உதவி செய்வதாக நினைத்து விரலை அழுத்த, “அத புருல் கரன்ன” (கையைத் தளர விடுங்கள்) என்று சிங்களத்தில் சொல்லி கையில் ஒரு தட்டு. கையைத் தளர விட்டதும்தான் ரேகை சரியாக விழுந்தது. டோஹா நண்பனுக்கு நான் கொத்து வாங்கிக் கொடுக்க வேண்டிய கடன் இன்னும் இருக்கிறது.

அப்புறம் போர்ம் 80, நம்மைப் பற்றிய விவரமெல்லாம் கேட்கிற படிவம். பத்து வருடத்து முகவரி, பயணம், அதோடு வேலை விவரம் எல்லாம் மாதம் வருடத்தோடு, நடுவில் ஓட்டை இல்லாமல். வேலை தேடிக்கொண்டு சும்மா இருந்த மாதங்களையும் அப்படியே எழுத வேண்டும். என் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இனிஷியலோடு ஒரு மாதிரி, கட்டார் ஐடியில் அப்பா பெயரும் என் பெயரும் ஒட்டி இன்னொரு மாதிரி. எல்லாவற்றையும் வேறு பெயர்கள் என்ற இடத்தில் போட்டுவிட்டேன். என்னைக் கேட்டால் கெரக்டர் பகுதியில் பாதி வேலை இதுதான்: போர்ம், சீவி, பொலிஸ் ரிப்போர்ட் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

இராணுவம், ஆயுதக் குழு, போர் பற்றிய கேள்விகளும் வரும். வன்னியில் வளர்ந்தவனுக்கு அந்தப் பக்கத்தில் கை கொஞ்சம் நிற்கும். 2009இல் நான் பள்ளிக்கூடப் பொடியன், அதனால் “இல்லை” என்று எழுத எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அங்கே சொல்ல ஏதாவது இருந்தால், பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட் ஒருவரிடமே போங்கள், மாமாவின் நண்பரிடம் கேட்காதீர்கள்.

மச்சானுக்கும் இதே விசாதான். மோட்டார் சைக்கிள் இன்ஷூரன்ஸ் முடிந்து புதுக்கடை கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியவன், “சின்ன விஷயம், எழுதாமல் விடுவோமே” என்றான். தபால் கந்தோரில் கட்டுகிற ஸ்பொட் பைன் வேறு, கோர்ட் தீர்ப்பு வேறு. அந்தத் தண்டப்பணத்துக்காக விசா மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் மறைத்து அகப்பட்டால் பொய்த் தகவல் என்று 4020 விதியில் மூன்று வருடத்துக்குக் கதவை மூடிவிடலாம். கோர்ட் ரசீதோடு அரைப் பக்க விளக்கம் எழுதிக் கொடுத்தான். அதைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

சான்றிதழ்களை 12 மாதத்துக்குத்தான் ஏற்பார்கள். அதனால் இன்விடேஷனுக்கு ரொம்ப முன்னாலேயே எடுத்து வைப்பதும் வீண். நேரம் பிடிக்கிற கட்டாரை முதலில் தொடங்கி, இலங்கையைப் பிறகு போடுங்கள்.