நாப்பா கோஸின் மைட்டோகாண்ட்ரியா: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 4

கிம்ச்சி என்னும் கொரிய ஊறுகாய்க்கு உதவும் நாப்பா கோஸின் (நீள முட்டைக்கோஸ் வகை) விதைகளை இருட்டறையில் முளைக்கவைத்து இன்றோடு ஏழு நாள் ஆகிறது. வெளிச்சம் படாத நாற்றில் பசுங்கணிகம் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பு) முழு வளர்ச்சி அடையாது என்பதால், டிஎன்ஏ வரிசையை அறிவதற்காக, செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிக்கையில் பசுங்கணிகத்தின் கலப்பு குறையும். போன மாதம் பச்சை இலையிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் பெரும்பகுதி பசுங்கணிகத்தினுடையதாகவே இருந்து, மூன்று வார உழைப்பு வீணாகிவிட்டது.

மார்ச் 5

குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் அரைத்த நாற்றை முதலில் மெதுவாகச் சுழற்றி, உட்கருவையும் இலைத் துணுக்குகளையும் அடியில் தங்கவிட்டு, மேல்நீரை மட்டும் வேகமாகச் சுழற்றியதில் மெல்லிய வண்டல் கிடைத்தது. உறை கிழியாத மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி நுழையாது. ஆகவே அதைச் சேர்த்து, வெளியே ஒட்டியிருந்த உட்கரு டிஎன்ஏவைச் சிதைத்தேன்.

மார்ச் 21

டிஎன்ஏவின் எழுத்து வரிசைகள், துண்டு துண்டான வாசிப்புகளாக, வந்துவிட்டன. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ 16,569 கார இணைகளே (டிஎன்ஏ ஏணியின் படிகள்) கொண்டது. இந்தக் கோஸ் சேர்ந்த பிராசிகா ராபா இனத்துக்கோ 2011இல் வெளியான அளவு 2,19,747. வாசிப்புகளைக் கோத்து எடுத்த எங்கள் தொகுப்பும் அதற்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் ஒரே வட்டமாக மூட மறுக்கிறது: ஏறத்தாழ 2,000 கார இணை நீளமுள்ள ஒரே வரிசை இரண்டு இடங்களில் வருவதால், எந்த முனை எதனோடு சேரும் என்று கணினி நிரலால் முடிவு செய்ய இயலவில்லை.

மார்ச் 24

மூன்று நாளும் இருமுறை வரும் அந்த மீள்வரிசையிலேயே கழிந்தன. அதை முழுதாகத் தாண்டிச் செல்லும் நீண்ட வாசிப்புகளை மட்டும் பிரித்து, இருபுற அண்டைப் பகுதிகளையும் ஒப்பிட்டேன். இருக்கக்கூடிய நான்கு இணைப்புகளும் தெளிவாகவே இருக்கின்றன. அதாவது பெருவட்டம் ஒன்றும், மீள்வரிசைகள் தமக்குள் மறுசேர்க்கை அடைவதால் (வெட்டுண்டு மாறி இணைவதால்) பிரியும் சிறுவட்டங்கள் இரண்டும். ஆய்வாளர்கள் பாமரும் ஷீல்ட்ஸும் 1984இல், முழு வரிசை கையில் இல்லாமல், டிஎன்ஏவைக் குறித்த இடங்களில் நறுக்கும் வெட்டு நொதிகளைக் கொண்டே இந்த இனத்தில் 218 ஆயிரம் கார இணை கொண்ட பெருவட்டத்தையும் 135, 83 ஆயிரம் சிறுவட்டங்களையும் கண்டறிந்திருந்தனர். அவர்களுடைய வரைபடத்தை எங்கள் வாசிப்புகளுக்கு அருகில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஏப்ரல் 2

கட்டுரைக்கு ஒற்றை வட்டப் படம் போதும் என்றார் பேராசிரியர். நான் இணங்கவில்லை. சாலட் கீரையான லெட்யூஸின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பெரும்பாலும் நேர்கோட்டிலும் கிளைவிட்டும் இருப்பதை 2019இல் காட்டிவிட்டார்கள். அப்படியிருக்க, வட்டம் என்பது வரிசையை எழுதிவைக்கும் வசதியே தவிர, செல்லுக்குள் உள்ள உருவத்துக்குச் சான்று ஆகாது என்றேன். நான்கு இணைப்புகளையும் தாங்கும் வாசிப்புகளின் எண்ணிக்கையைத் தனி அட்டவணையாகச் சேர்க்க அவர் இசைந்தார். நாளை அதைத் தயாரிக்க வேண்டும்.