சாங்கிக் கரையில் அஞ்சாலை தேடிய மூன்று வைகறைகள்

சிங்கப்பூரில் ஆண்டின் நடுமாதங்களில் கடல் மிகவும் வற்றுவது விடியலுக்கு முன்னர்தான் என்பதால், நீர்மட்டம் 0.3 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாட்களை ஓத அட்டவணையில் குறித்துக்கொண்டு, விலாங்கு வகைக் கடல்மீனான அஞ்சாலையைத் தேடி, நெற்றி விளக்குடன் சாங்கிக் கரையின் பாறைகளுக்கு மூன்று முறை சென்றேன்.

முதல் முறை ஏமாந்தேன். கற்களுக்கிடையே வளைந்து நெளிந்த பச்சை நிற உடலை, உயிரினங்களைக் கண்டவர்கள் படத்துடன் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் அஞ்சாலை என்றே பதிந்துவிட்டேன். தூண்டில் போட வந்திருந்த பெரியவர் ஒருவர் கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "அஞ்சாலைக்குப் பக்கச் செதில் ஏது தம்பி?" என்றார். அவர் சொன்னது துடுப்பைத்தான். வீட்டில் படத்தைப் பெரிதாக்கியபோது, செவுள் மூடிக்குப் பின்னால் சிறிய மார்புத் துடுப்பு தெளிவாகவே தெரிந்தது. அது விலாங்கைப் போலத் தோற்றமளிக்கும் காங்ரோகாடஸ் என்னும் வேறொரு மீன். அஞ்சாலைக்கு மார்புத் துடுப்பும் இல்லை, வயிற்றுத் துடுப்பும் இல்லை, செதில்களும் இல்லை. செவுள் மூடிக்குப் பதிலாகக் கழுத்தருகே ஒரு சிறிய துளை மட்டுமே இருக்கும். நிறத்தை நம்பியது என் பிழை.

இரண்டாம் முறை மழையால் வீணாயிற்று.

மூன்றாம் முறை, பாறை இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டியிருந்த ஒன்றைக் கண்டேன். வாயை ஓயாமல் திறந்து மூடியது சினத்தால் அன்று. செவுள்களுக்கு நீரைச் செலுத்தி அது மூச்சுவிடும் முறையே அது. கல்லைப் புரட்டாமல், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துக் காத்திருந்தேன். ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குப் பின் அது வெளியே வந்தபோது, குழாய் போன்ற முன் நாசித்துளைகள், செவுள் துளை, பழுப்பு உடலெங்கும் பரவியிருந்த வெளிர் பொடிப் புள்ளிகள் ஆகிய மூன்றையும் தனித்தனிப் படங்களாக எடுக்க முடிந்தது. அது ஜிம்னோதோராக்ஸ் டிலே. கங்கை மீன்களைப் பற்றி எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் விவரித்த இனம். கங்கை மீனுக்கு இங்கென்ன வேலை என்று முதலில் தோன்றினாலும், இது உவர்நீர்க் கழிமுகங்களை விரும்பும் இனம் என்பதையும், மலேசியாவின் ஜொகூர் ஆறு சாங்கிக் கரையை ஒட்டிய கீழை ஜொகூர் நீரிணையில்தான் கலக்கிறது என்பதையும் எண்ணினால் வியப்பு நீங்குகிறது.

நாள், நேரம், இடம், படங்கள் ஆகியவற்றுடன் ஐநேச்சுரலிஸ்டில் அதைப் பதிந்தேன். முதல் பதிவை அழிக்காமல், பெயரை மட்டும் திருத்தியிருக்கிறேன். அன்றே வேறோர் இடுக்கில் கண்ட வாலுக்கு இனப்பெயர் இடவில்லை. தலை தெரியாத அந்தப் படத்தை ‘விலாங்கு வரிசை’ என்ற பெரும்பிரிவின் அளவிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.