மரத்துப்போகும் நேரம்

முடி எடுக்க மேலுதட்டில் நூல் ஓடும்போது கண்ணில் நீர் வருவதை அழுகைக் கணக்கில் சேர்க்க முடியாது. சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் இரண்டாவது இழுப்பிலேயே கண் கலங்கிவிடும். சிலருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வரும். முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் நடுக்கிளைதான் மேலுதட்டுக்கும் மூக்குக்கும் சேர்த்தே போகிறது. உதட்டின் மேல் ஒரு முடியைப் பிடுங்கினால் மூக்கும் கண்ணும் சேர்ந்து பதில் சொல்கின்றன. மதுரை தல்லாகுளத்தில் ஓர் அழகு நிலையத்தில் த்ரெடிங் கற்றுக்கொண்ட காலத்தில் எனக்கு இந்த உடற்கூறெல்லாம் தெரியாது. “நாக்கை உதட்டுக்கு உள்பக்கம் வைத்து வெளியே தள்ளுங்கள்” என்று சொல்ல மட்டும் தெரியும். தோல் விறைப்பாக நின்றால் நூல் தோலைக் கடிக்காது. வேறு எந்த மருந்தும் இல்லாத இடத்தில் அந்த ஒரு வித்தை நிறைய வலியைக் குறைத்தது.

பிறகு ஒரு தோல் மருத்துவமனையில் முடி நீக்கும் லேசர் பிரிவுக்கு வந்தேன். அழகு நிலையத்தில் யாரும் கேட்காத ஒன்றை இங்கே எல்லோரும் கேட்கிறார்கள்: “அக்கா, மரத்துப்போகிற கிரீம் போடுவீர்களா?” போடுவோம். ஆனால் அந்த கிரீமைப் பற்றி வருகிறவர்கள் மனத்தில் இருக்கும் சித்திரம் வேறு, அது வேலை செய்கிற விதம் வேறு.

எங்கள் அலமாரியில் இருப்பது லிக்னோகெயின் இரண்டரை சதவீதம், பிரிலோகெயின் இரண்டரை சதவீதம் கலந்த வெள்ளை கிரீம். லிக்னோகெயின் 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கிய மருந்து. பல் பிடுங்கும்போது ஈறில் ஊசியாகப் போடுவதும் அதைத்தான். ஊசியில் நேராக நரம்பருகே போய்விடுகிற மருந்து, தோலின் மேல் பூசினால் எளிதில் உள்ளே இறங்காது. இந்த இரண்டு மருந்துகளும் தனித்தனியே திடப்பொருள்கள். சம அளவில் சேர்த்தால் உருகுநிலை தாழ்ந்து, அறை வெப்பத்திலேயே எண்ணெய்ப் பதத்துக்கு வந்துவிடுகின்றன. அந்தப் பதத்தில்தான் தோலின் மேலடுக்கைத் தாண்ட முடிகிறது. 1980களில் சுவீடனில் இதை கிரீமாகக் கொண்டுவந்தபோது, ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளின் கை மரத்துப்போவதே பெரிய பயனாக இருந்தது. முகமுடி நீக்கத்துக்கு இது பின்னால் வந்து சேர்ந்தது.

தாண்டுவதற்கு நேரம் வேண்டும். சாதாரணத் தோலில் கனமாகப் பூசி மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் வரை மரக்கும். இரண்டு மணி நேரத்தில் 5 வரை போகும். முகத்தோல் மெல்லியது, ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும், அதே வேகத்தில் விட்டும் போகும். கிரீமைத் துடைத்துவிட்டு, மருத்துவர் வேறு ஒரு நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தால் முகத்தில் மரப்பு குறைய ஆரம்பித்துவிடும். துடைப்பதற்கும் லேசரின் முதல் ஷாட்டுக்கும் நடுவில் தேநீர் குடிக்கப் போகக் கூடாது என்று புதிதாகச் சேரும் பெண்களிடம் சொல்வேன்.

பூசுகிற வேலை பார்க்க எளிது. முகம் கழுவி, சவரம் செய்து, தோல் முழுக்க உலர்ந்த பிறகு, மோவாயிலும் மேலுதட்டிலும் கிரீமைத் தேய்க்காமல் வைக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் பயனில்லை. வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியும் கனத்தில் உட்கார வேண்டும். உதட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுவேன். எல்லோரும் நாக்கால் உதட்டைத் தடவுகிறார்கள், பிறகு “அக்கா, நாக்கு தடித்துவிட்டது” என்று பயப்படுகிறார்கள். கண்ணருகே கொண்டுபோகவே மாட்டேன். கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும், எரிச்சல் மரத்துப்போவதால் பட்டதே தெரியாது. மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டியதும் பேச்சு நிற்கும். மோவாய் கட்டிய நிலையில் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். தாளை எடுக்கும்போது அந்த இடம் மட்டும் வெளிறி, ஓரங்கள் கோடு போட்டதுபோல் தெரியும். ரத்தக் குழாய்கள் சுருங்கியதால் வரும் வெளிறல் அது, பயப்பட ஒன்றுமில்லை.

இந்த ஒரு மணி நேரம்தான் யாருக்கும் கிடைப்பதில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மாவும் அத்தையுமாகப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மருந்துக் கடையில் தாங்களே கிரீம் வாங்கி, ஆட்டோவில் வரும்போது பூசிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பத்து நிமிடத்தில் மேல்தோல் லேசாகக் கூசுவது நின்றுவிடும், மரத்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். முதல் ஷாட் மோவாயில் விழுந்ததும் முகம் மாறும். மோவாய் முடியின் வேர் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. லேசர் சுடுவது அங்கேதான். மேல்தோல் மரத்து வேர் மரக்காமல் இருந்தால், கிரீம் போட்டும் ஏன் வலிக்கிறது என்று நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

என் சொந்தக் கருத்து ஒன்று உண்டு. எங்கள் மருத்துவர் பாதிதான் ஒத்துக்கொள்வார். லேசரில் முகம் முழுவதும் மரத்துப்போயிருப்பதை நான் விரும்புவதில்லை. முடியின் கறுப்பு நிறமி ஒளியை வாங்கிச் சூடாவதுதான் லேசரின் அடிப்படை. அதே நிறமி நம் ஊர்த் தோலிலும் நிறையவே இருக்கிறது. அதனால்தான் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் என்டியாக் என்ற லேசர் வகை போன்ற நீண்ட அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், தொடும் முனை குளிர்ந்தே இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் தோலில் சூடு தங்கிவிட வாய்ப்பு உண்டு. ரப்பர் பேண்டை இழுத்து விட்டாற்போலச் சுளீரென்று பட்டு உடனே அடங்கினால் சரி. அடங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் நான் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் படுத்திருப்பவர். முடியின் அடியில் சிறு வீக்கமும் சிவப்பும் வருகிறதா என்று பார்த்துத்தான் லேசரின் ஆற்றல் அளவைக் கூட்டுவோம். கிரீம் வெளிற வைத்த தோலில் அந்தச் சிவப்பும் சரியாகத் தெரியாது. அதனால் வலி தாங்குகிறவர்களுக்கு முதலில் ஐஸ் வைத்துச் சில ஷாட் போட்டுக் காட்டுவேன். பாதிப் பேருக்கு அதுவே போதும் என்றாகிவிடும்.

கிரீமின் ஆபத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2004இன் கடைசியில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி, லேசருக்காகக் கால்கள் முழுக்க வீரியமான மரப்பு ஜெல் பூசி பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு கார் ஓட்டிப் போனாள். வழியிலேயே வலிப்பு வந்து, சில நாளில் இறந்துபோனாள். எங்களுடையதைவிடப் பல மடங்கு அடர்த்தியான கலவை அது. பரந்த பரப்பில் பூசி மூடிவிட்டதால் மருந்து ரத்தத்தில் ஏறிவிட்டது. 2007இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. 2024இல் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும், லிக்னோகெயின் 4 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றைப் பற்றி மறுபடி எச்சரித்தது. மோவாயும் மேலுதடும் சிறிய பரப்பு, அங்கே அளவோடு பூசினால் அந்தப் பயம் இல்லை. ஆனால் முகத்துக்கு வாங்கிய டியூபைக் கை, கால் முழுக்கப் பூசிக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் குரலை உயர்த்திவிடுவேன்.

முகமுடியே எங்கிருந்து வந்தது என்பதையும் விசாரிப்போம். பலருக்கு சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல். மாதவிலக்குத் தள்ளிப்போவதை மருத்துவரிடம் சொல்லாமல் முடியை மட்டும் சொல்வார்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். சிவப்பழகுக்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஸ்டீராய்டு கலந்த கிரீமை மாதக்கணக்கில் பூசியவர்கள். தோல் மெலிந்து, சிவந்த ரத்தக் குழாய்க் கோடுகளோடு கன்னத்தில் பூனைமுடி வளர்ந்து நிற்கும். முடியை வளர்த்தது ஒரு கிரீம், அதை எடுக்கும் வலிக்கு இன்னொரு கிரீம். அவர்களை லேசருக்கு ஏற்றுவதில்லை. முதலில் அந்த டியூபைக் குப்பையில் போடச் சொல்லி அனுப்புவார் மருத்துவர்.

திருநங்கைகள் வருவார்கள். பல வருடம் சாமணத்தால் தாடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பழகிய அக்கா ஒருவர், கிரீமைக் காட்டியதும் சிரித்துவிட்டார். “இதற்கெல்லாம் பயந்தால் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருப்போமா, தங்கச்சி?” தாடி முடி தடிமன், நெருக்கம், ஒவ்வொரு வேரும் கூடுதல் ஒளியை விழுங்கும், லேசரில் அதைவிட வலிக்கிற முகம் இல்லை. முதல் சிட்டிங்கில் தாடைக்கோட்டை எந்தச் சத்தமும் இல்லாமல் தாங்கினார். மேலுதட்டுக்கு வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அடுத்த முறை முதல் மேலுதட்டுக்கு மட்டும் கிரீம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். முடி மெலிய மெலிய வலியும் குறையும், பின்னால் அதுவும் தேவைப்படாது என்று சொன்னபோது நம்பாமல் பார்த்தார். நரைத்துவிட்ட சில முடிகளை லேசர் தொடவே தொடாது. அவற்றுக்கு, வேரில் ஊசி வழியாக மின்சாரம் செலுத்தும் மின்னூசி முறைதான் கதி.

கிரீமுக்குத் தனிக் கட்டணம் போட ஆரம்பித்த பிறகு நான் நிர்வாகத்திடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கிரீம் வேண்டும் என்பவருக்கு, லேசர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நேரம் எழுத வேண்டும். தாமதமாக வந்தால் கிரீம் கிடையாது, ஐஸ்தான், கிரீமுக்கான கட்டணமும் கிடையாது. வரவேற்பில் இருக்கும் பெண் தொலைபேசியில் இதைச் சொல்லும்போது மறுமுனையில் பலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்படியானால் கிரீம் வேண்டாம், எத்தனை மணிக்கு வரட்டும்?” என்று கேட்கிறார்கள். காத்திருக்கச் சம்மதிக்கிறவர்கள் ஒரு புத்தகமோ பின்னலோ எடுத்துக்கொண்டு முன்கூட்டியே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பூசுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.